காமாக்ஷி எழுதிக்கொடுத்த பெயர்

சங்கரநாராயணன் மத்திய அரசில் முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டி, அண்டர் செக்ரட்டரியாக ஓய்வு பெற்றவர். அவர் மேஜைக்கு வந்த எந்த ஃபைலும் முதல் தடவையிலேயே தாண்டிப் போனதாகச் சரித்திரம் இல்லை. ஏதாவது ஒரு கேள்வியை எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார். ஓய்வுக்குப் பிறகு ஃபைல்கள் வருவது நின்றதே தவிர, சந்தேகம் நிற்கவில்லை. டில்லி கிட்வாய் நகரில் மகள் சுபாஷிணியின் க்வார்ட்டர்ஸுக்குக் குடிவந்த பிறகு பால்காரன், லிஃப்ட், வெயில் வருமென்று சொல்லும் டிவி என்று எல்லாரையும் சந்தேகப்பட்டார். மனைவி காமாக்ஷியை மட்டும் நாற்பத்து நாலு வருஷமாக விட்டுவைத்திருந்தார்.

இந்த ஜனவரியில் அவளுக்கும் வேளை வந்தது. ஆதார் கார்டை இரண்டு காப்பி எடுத்தாள். அடுக்களையில் அம்மாவும் பெண்ணும் குசுகுசுவென்று பேசுவார்கள். இவர் தலையைக் கண்டதும் பேச்சு கத்தரிக்காய்க்கு மாறிவிடும். பீரோவில் புடவைக்கு அடியில் புதிதாக ஒரு ஃபோல்டர். போதாததற்கு, கோயம்புத்தூரில் முதியோர் குடியிருப்பில் இருக்கும் அவள் தங்கை வாரம் தவறாமல் போன் பண்ணுகிறாள். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தார். தன்னை இங்கே விட்டுவிட்டுத் தங்கையோடு போய் இருக்கப் போகிறாள். கேட்கவும் பயம். ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

ஞாயிறு காலை காமாக்ஷி ஃபோல்டரைப் பையில் போட்டுக்கொண்டு, சுபாஷிணியோடு மேல்மாடிக்குக் கிளம்பினாள். அங்கே இருக்கும் செல்வராஜ் கெஜட்டட் ஆபீசர். காலனியில் யாருக்கு அட்டெஸ்டேஷன் வேண்டுமானாலும் அவர் வீட்டு மணியைத்தான் அடிப்பார்கள். சங்கரநாராயணன் மப்ளரைச் சுற்றிக்கொண்டு பூனை மாதிரி பின்னால் ஏறினார்.

கதவு திறந்திருந்தது. காமாக்ஷி எழுதிக் கொண்டுவந்திருந்த பத்திரத்தை செல்வராஜ் உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்.

"பொழைக்க வழியில்லைன்னு டாக்டருங்க சொல்லிட்டா வென்டிலேட்டர் வேணாம். வலி தெரியாம வச்சுக்கணும். வீட்டுலயே இருக்கணும். அப்ப முடிவெடுக்க வேண்டியவங்க, மகள் சுபாஷிணி. சரிதானேம்மா?"

"சரி" என்றாள் காமாக்ஷி.

கோயம்புத்தூர் இல்லை என்று ஒரு நொடி நிம்மதி. அடுத்த நொடி கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏன், நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கேனே, என் பேர் எங்கே?"

"அரே, ஆயியே சார், உள்ள வாங்க" என்று செல்வராஜ் தடுமாறி எழுந்தார். சாட்சிக்கு வந்திருந்த இரண்டு பேரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். காமாக்ஷி அசையவில்லை.

"உங்கண்ணாவை நெனச்சுப் பாருங்கோ. இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்லேன்னு டாக்டர் தினம் வந்து சொன்னார். நீங்க இன்னொரு ஒபினியன், இன்னொரு டெஸ்ட்டுன்னேள். இருபத்திரண்டு நாள். கட்டின கையோட போனார்."

"டாக்டர் சொல்றதை எப்படி அப்படியே நம்பறது?"

"அதைத்தான் சொல்றேன். யாரையும் நம்ப மாட்டேள். போதும்னு நானே சொன்னாலும் நம்ப மாட்டேள். எனக்கு சாவைப் பத்தி பயமில்லே. உங்களைப் பத்தித்தான் பயம்."

சுருக்கென்று தைத்தது. சண்டைக்கு வந்தவர் சோபாவில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். குழாயைப் பிடுங்கிவிடுவார் என்று அண்ணாவின் மணிக்கட்டைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். சங்கரநாராயணன் அதை மறந்தால்தானே. வெட்கமாக இருந்தது. பெண் பார்க்கிறாளே என்றும் பாராமல் அழுதார்.

"அப்போ எனக்கு என்னதான் வேலை?"

"பக்கத்துல உட்காந்திருங்கோ, கையைப் பிடிச்சுண்டு. அதுக்கு சுபா போறாது, நீங்கதான் வேணும்."

காமாக்ஷியும் சாட்சிகளும் கையெழுத்துப் போட்டார்கள். செல்வராஜ் முத்திரையை எடுத்தார். சங்கரநாராயணன், இத்தனை பேர் நடுவிலும், அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.