எழச் சொன்ன பாட்டு

போன வாரம் தேனி பஸ்சில், பக்கத்து சீட்டுப் பையனின் போனில் ஒரு பாட்டு ஓடியது. தமிழும் இல்லை, இந்தியும் இல்லை. நடுவில் ‘காமினோ’ என்று ஒரு சொல் வந்தது. என் கை தானாக முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. “சவுண்டக் கொறைக்கவாம்மா?” என்றான் பையன். கூட்டி வை என்று சொல்லத்தான் ஆசை. வாய் வரவில்லை. யாரிடம் எதைக் கேட்பதென்றாலும் எனக்கு அப்படித்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தச் சொல்லைத் தினமும் கேட்டவள் நான். போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்பில், ஒருத்தி மடியில் ஒருத்தியாக அடைந்துகொண்டு போவோம். டீசல் வாடையும், ஈரச்சாக்கும், பச்சை ஏலக்காயும் கலந்த அந்த மணம் சோற்றுக் கையிலும் போகாது. மலைமெட்டு ஏறும் வளைவுகள் வந்ததும், எவனோ வெள்ளைக்காரன் ஜீப்பில் விட்டுப்போன கேசட்டை டிரைவர் அண்ணன் போடுவார். சினிமாப் பாட்டுப் போடச் சொன்னால், “அதப் போட்டா நீங்களும் கூடப் பாடி என்னைய உருட்டி விட்ருவீக. இதுன்னாத்தான் கம்முனு வர்றீக” என்பார்.

நான் எப்படியும் கம்மென்று வருகிறவள்தான். அந்தச் சித்திரையில் இலவங்காய் பறிக்க மரமேறிய என் வீட்டுக்காரர் விழுந்து இடுப்பு ஒடிந்து கிடந்தார். கைப்பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு ஆவணியில் மலையேறினேன். வந்த புதிதிலேயே, என் ஊர்ப் பேரைச் சொல்லி, தோட்டத்துக் கங்காணி எச்சரித்துவிட்டார்: “சிலமலைக்காரி, நாளைக்கும் ஓங் கூடையில பிஞ்சு கெடந்துச்சுன்னா, ஜீப்புல ஏறாத. தேவாரம் ஊருல வேலைக்கு ஆளு காத்துக் கெடக்கு.”

ஏலக்காய் மேலே காய்ப்பதில்லை. செடியின் தூரை ஒட்டித் தரையோடு சரம் சரமாய்க் கிடக்கும். பழகினவர்கள் ஒவ்வொரு தூரிலும் உட்கார்ந்து, விளைந்த காயை மட்டும் கிள்ளுவார்கள். புதுசாய் வருகிறவள் வரிசையில் பின்தங்கிவிடுவோமோ என்ற பயத்தில் நின்றபடியே குனிந்து சரத்தை உருவுவாள். காயோடு பிஞ்சும் வந்துவிடும். நானும் உருவிக்கொண்டுதான் இருந்தேன்.

கங்காணி எச்சரித்த மறுநாள் காலையிலும் ஜீப்பில் ஏறினேன். வழியில் மலை ஆஸ்பத்திரிக்கு மருந்துப் பெட்டி இறக்க ஜீப் நின்றது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அங்கே இருந்த வெளிநாட்டு சிஸ்டர் செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தார். கண்ணில் தண்ணீர், வாயில் அதே பாட்டு.

“சிஸ்டரு, இது ஒங்க ஊருப் பாட்டா? நான் அரபுப் பாட்டுன்னுல்ல நெனச்சேன்!” என்றார் டிரைவர் அண்ணன்.

“எங்க ஸ்பெயின் பாட்டாணு” என்றவர், மலையாளமும் தமிழும் கலந்து பொருள் சொன்னார். “காமினோன்னா வழி. வழி நீளம். வீழ்ந்தா பேடிக்கண்டா, பயப்படாதே. வீழ்ந்த இடத்தில கை வை. அங்க ஒரு கல்லு இருக்கும். அதை ஊன்றி எழுந்திரி. பின்ன நட.”

“எங்க மலையில கைய வச்சா அட்டைதான் இருக்கும் சிஸ்டரு!” என்றார் டிரைவர் அண்ணன். ஜீப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தோட்டத்தில் மூடுபனி. வரிசை நகர நகர நான் பின்தங்கினேன். “ஏ, வெரசா வாடி, கங்காணி வர்றாரு!” என்று என்னோடு வேலைக்கு வரும் மதினி முன்னாலிருந்து குரல் கொடுத்தாள். எட்டி நடந்ததில் ஈரச்சரிவில் வழுக்கி, ஒரு தூரடியில் விழுந்தேன். கையை ஊன்றினேன். கல் எதுவும் இல்லை. உள்ளங்கைக்கு அடியில் காய்ச்சரம் கிடந்தது. அவ்வளவு கிட்டத்தில் பார்த்தபோது, எது காய், எது பிஞ்சு என்று தெளிவாகத் தெரிந்தது. பாட்டு எழச் சொன்னது. எனக்கோ அங்கேயே உட்காரத் தோன்றியது. போகிறவர்கள் போகட்டும் என்று, அன்று முழுக்கத் தூர் தூராக உட்கார்ந்து எடுத்தேன்.

சாயங்காலம் கங்காணி என் கூடையைச் சாக்கில் கொட்டினார். விரலால் பரப்பினார். மற்றவர்கள் எடுத்ததில் பாதிகூட என் கூடையில் இல்லை. சின்னதாய் ஒன்றை எடுத்து உருட்டினார், கடித்தார். உள்ளே கறுத்த விதை; விளைந்த காய்தான்.

“கொறச்சல்தான். ஆனா பிஞ்சு இல்ல” என்று தோலைத் துப்பினார். “நாளைக்கு இதையே வெரசா செய்யி.”

நாளைக்கு! ஜீப்பில் ஏறியதும் மதினி என்னை இடித்தாள். கேசட் ஓட ஆரம்பித்தது. அந்தப் பாட்டின் மெட்டிலேயே அவள் எடுத்துவிட்டாள்: “உக்காந்தாளாம் உக்காந்தாளாம் சிலமலைக்காரி, கங்காணிக்குக் கடிக்க ஒரு பிஞ்சு கெடைக்கல...” எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். வரி மேல் வரி சேர்ந்தது. “கவனத்தக் கெடுக்காதீக ஆத்தா!” என்று டிரைவர் அண்ணன் கத்தினார். நானும் வாயசைத்தேன். சத்தம் வந்ததா தெரியாது.

வீட்டுக்காரர் எழுந்து நடந்த பிறகும் பல வருஷம் அந்த மலைக்குப் போனேன். சிஸ்டர் தன் நாட்டுக்குத் திரும்பிவிட்டார். கேசட் நாடா சிக்கி அறுந்தது. அந்தப் பாட்டை ஸ்பெயினில் இன்னும் யாராவது பாடிக்கொண்டிருப்பார்கள். மதினி போட்ட வரிகளில் முதல் இரண்டுதான் எனக்கு நினைவிருக்கிறது. மிச்சத்தைக் கேட்டு வாங்க, இப்போது மதினி இல்லை.