கேமரா சின்னுசாமியின் டேப்பில் வந்த தண்ணீர்

சின்னுசாமி என்று சொன்னால் மல்லசமுத்திரத்தில் எந்தச் சின்னுசாமி என்று கேட்பார்கள். கேமரா சின்னுசாமி என்றால் உடனே தெரியும். கல்யாணத்துக்குப் படம் எடுக்கிறவன் இல்லை. ஆழ்துளைப் போர்க்குழிக்குள் வயரில் கேமராவை இறக்கி, தண்ணீர் இருக்கிறதா, பாறை சரிந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறவன். நான் மோட்டார் தூக்குகிற வண்டி வைத்திருக்கிறேன். குழிக்குள் கிடக்கிற மோட்டாரை நான் தூக்கினால்தான் அவன் கேமரா உள்ளே போகும். அதனால் இரண்டு பேரும் பெரும்பாலும் ஒரே தோட்டத்தில்தான் நிற்போம்.

முன்பு அவன் துளை போடுகிற ரிக் லாரியில் வடநாடு பூராவும் போர் போட்டுக்கொண்டு திரிந்தவன். கல்யாணமான மறு வருசம் அவன் பெண்டாட்டி, "ஒண்ணு என்னையும் லாரில ஏத்து, இல்லீன்னா நீ எறங்கு" என்றாள். இறங்கிவிட்டான்.

கேமராவோடு வந்த டிவி ஒரு நாள் வண்டியிலிருந்து விழுந்து உடைந்தது. அதற்குப் பதிலாக, பெரிய செல்போன் மாதிரி இருக்கிற பழைய டேப் ஒன்றை வாங்கினான். வெளிக் கேமராவின் படத்தை அது காட்ட மாட்டேன் என்றது. செல்போன் கடை வைத்திருக்கிற பிள்ளை பிரவீனாதான் அதை ரூட் பண்ணிக் கொடுத்தது. ரூட் என்றால், கம்பெனிக்காரன் பூட்டி வைத்த அறைக்கு நம் கையில் சாவி வருகிற மாதிரி. அதன் பிறகு படம் வந்தது.

ஆனால் டேப் மெதுவாகத்தான் எழும்பும். ஆன் செய்தால் கம்பெனி பேர் மினுக்கு மினுக்கு என்று மின்னிக்கொண்டே இருக்கும். அதையே பார்த்துக்கொண்டு ஒரு குடும்பமே சுற்றி நிற்கும். சின்னுசாமிக்கு அது பிடிக்கவில்லை.

"ஏனுங்க மயில்சாமியண்ணா, போர் வத்திப் போச்சோன்னு பயந்துட்டு நிக்கற சனத்துக்கு எவனோ ஒருத்தன் கம்பெனி பேரையா காட்டறது? மொதல்ல கண்ணுல தண்ணி படோணும்."

"பட்டா குழிக்குள்ள ஊறிருமாடா?" என்றேன்.

கேட்கவில்லை. தம்மம்பட்டிப் பக்கம் போட்ட போர் ஒன்றில் தண்ணீர் பனை உயரம் பீச்சியடித்த வீடியோ அவனிடம் இருந்தது. அதைத் தனித்தனிப் படமாக உரித்து, நம்பர் போட்டு, ஒரே கட்டாகக் கட்டி, அந்தப் பூட்டிய அறைக்குள் கம்பெனி பேர்ப் படங்களின் கட்டு இருந்த இடத்தில் வைத்தான். டேப்பைப் போட்டால் திரை கரிச்சட்டி மாதிரி இருந்தது. பிரவீனா கடைக்கு ஓடினான்.

"அண்ணா, படத்தையெல்லாம் அமுக்கிக் கட்டிட்டீங்க. அமுக்காம அப்படியே வெச்சுக் கட்டோணுமுங்க. இல்லீன்னா அதுக்குப் பிரிக்கத் தெரியாது" என்றது அந்தப் பிள்ளை.

அமுக்காமல் கட்டினான். வந்தது பாருங்கள் தண்ணீர். டேப் முழுசாக எழும்புகிற வரைக்கும் திரும்பத் திரும்பப் பீச்சிக்கொண்டே இருந்தது. சின்னுசாமி நாள் பூராவும் டேப்பை அணைத்து அணைத்துப் போட்டான். நானும் நாலு தரம் பார்த்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

அந்த வாரமே எங்கள் ஊர்க் கந்தம்மாள் அக்கா கூப்பிட்டார். அவருடைய போரில் மோட்டார் காற்றைத்தான் இறைத்தது. மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காடு வாடத் தொடங்கியிருந்தது. எருமை இரண்டையும் விற்றுப் புதுப் போர் போடலாம் என்பது அவர் வீட்டுக்காரர் செங்கோடனின் முடிவு. வியாபாரிக்குச் சொல்லியும் விட்டார். எருமையைக் கொடுக்க அக்காவுக்கு மனசு வரவில்லை. "கேமரா உட்டுப் பார்க்காம ஒரு கவுத்தையும் அவுக்க உடமாட்டேன்" என்று நின்றுவிட்டார். கேமரா சொல்வதுதான் தீர்ப்பு என்றாகிவிட்டது.

நான் மோட்டாரைத் தூக்கினேன். சின்னுசாமி கேமராவை இறக்கினான். பாதி இறங்கியதும் வெயிலில் டேப் சூடேறி அப்படியே நின்றுவிட்டது. அவன் அணைத்துத் திரும்பப் போட்டான். போட்டுவிட்டு வயரை முடிச்சு விழாமல் பிடிக்கக் குனிந்தான். டேப் அக்காவின் கையில் இருந்தது.

"தண்ணி!" என்று ஒரு சத்தம். "ஏனுங்க, ஓடியாங்க! நம்ம போருங்க! பீச்சுது பாருங்க!"

செங்கோடன் ஓடி வந்து பார்த்தார். "அடேங்கப்பா! நிக்கவே மாட்டீங்குதே!" என்று தலையிலிருந்த துண்டை எடுத்துச் சுழற்றினார்.

குழிக்குள் இருக்கிற தண்ணீர் எப்படி வானத்தில் பீச்சும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. சின்னுசாமி வயரை விட முடியாமல், "அக்கா, அதில்லீங்க, அது வேறீங்க" என்று கத்தினான். யார் காதில் விழுகிறது? அக்கா அதற்குள் போனை எடுத்து வியாபாரியைக் கூப்பிட்டுவிட்டார்.

"யாவாரி, நீ வர வேண்டாஞ்சாமி. என்ற எருமையப் பாத்துப் பல்லப் புடிச்சு, கெழடுன்னியே, அந்தக் கெழடு இங்கயேதான் இருக்கும். நீ வேற ஊரப் பாரு!"

போனை வைத்த நேரத்துக்கு டேப் எழும்பியது. சின்னுசாமி கேமராப் படத்தைத் திறந்தான். காய்ந்த பாறை. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"தண்ணி எங்க சாமி?"

சின்னுசாமி சொன்னான். டேப் எழும்பும்போது வருகிற படம் அது, வேறு ஊர்த் தண்ணீர், நல்லதுக்குத்தான் வைத்தேன் என்றான். செங்கோடன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். அக்கா அவனையே பார்த்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"இன்னும் அடி வரைக்கும் போகலீங்க அக்கா" என்று சின்னுசாமி வயரை மேலும் கீழே இறக்கினான். கொஞ்சம் இறங்கியதும் கேமரா முட்டிக்கொண்டது. கல். அடி வந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். "இதுக்குக் கீழயும் குழி இருக்கோணும், போர் போட்ட ஆழத்துக்கு வயர் இன்னும் எறங்கல" என்றான். வயரைத் தூக்கித் தூக்கி, திருகித் திருகி விட்டான். கல்லுக்கும் சுவருக்கும் நடுவே சந்து கிடைத்தது. கேமரா வழுக்கி உள்ளே போனது. விளக்கு வெளிச்சத்தில், கீழே கறுப்பாக ஏதோ அசைந்து பளபளத்தது.

ஏமாந்தது போதும் என்று அக்கா டேப்பைத் தொடக்கூட இல்லை.

"இது எந்த ஊர்த் தண்ணி?" என்றார்.

"இது உங்க தண்ணிதானுங்க அக்கா."

"சத்தியமா?"

"என்ற புள்ள மேல."

மேலே இருந்து பெயர்ந்த கல் ஒன்று நடுவில் சிக்கி வழியை அடைத்திருக்கிறது. அவ்வளவுதான். மறுநாள் ரிக் வண்டி வந்து, அடைப்பு வெளியே வரக் குழிக்குள் காற்றடித்தது. முதலில் சேறு, பிறகு உடைந்த கல், பிறகு தண்ணீர். டேப்பில் வந்த மாதிரியே பனை உயரம் வந்தது. விலகி நில்லுங்கள் என்று நான் கத்தியதைக் காதில் வாங்காமல் அக்கா அதன் அடியில் போய் நின்றார். கொண்டை அவிழ்ந்து, உடம்பெல்லாம் சேறாகி, வாய்விட்டுச் சிரித்தார். செங்கோடன், "சளி புடிக்கும் புள்ள, வா இங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே அவரும் போய் நின்றார். சின்னுசாமி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் படத்த எடுத்தர்றேனுங்க அக்கா. பழைய கம்பெனி பேரே இருக்கட்டும்" என்றான், எல்லாம் அடங்கிய பிறகு.

"எதுக்கு எடுக்கற? அவிங்க தண்ணிய எடுத்துப்போட்டு என்ற தண்ணியப் போடு."

போட்டான். இப்போது டேப்பை ஆன் செய்தால், தண்ணீருக்கு அடியில் கந்தம்மாள் அக்கா நின்று சிரிக்கிறார். இதில் ஒரு வசதி. தங்கள் போர் என்று யாரும் ஏமாறுவதில்லை. "யாருங்க இந்தம்மா?" என்றுதான் முதல் கேள்வி வருகிறது. சின்னுசாமி கதையைச் சொல்வதற்குள் டேப் எழும்பிவிடுகிறது. பயந்து நிற்கிற சனம் அதற்குள் ஒருதரம் சிரித்தும் விடுகிறது.

போன வாரம் அக்கா பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, சின்னுசாமி வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஊரூராக் காட்டறியாமே. அந்தச் சேத்துச் சேலையிலயா எல்லாரும் என்னையப் பார்க்கறது? இன்னொருக்கா எடு."

"அப்படித் தண்ணி பீச்சோணுமுன்னா மறுபடி காத்தடிக்கோணும், அதுக்கு மோட்டாரத் திரும்பத் தூக்கோணுமே, அக்கா."

அக்கா என்னைப் பார்த்தார்.

"மயில்சாமி, உன்ற வண்டி சும்மாதான நிக்குது?"