பல்லக்காவும் அடுத்தவர் பிள்ளைகளும்

குழந்தைகளைக் கண்டாலே பல்லக்காவுக்கு ஆகாது என்று அந்தக் குடியிருப்பில் ஒரு பேச்சு உண்டு. அது அபாண்டம். பெரியவர்களைக் கண்டாலும் அவளுக்கு ஆகாது. இந்த விஷயத்தில் அவள் பாரபட்சம் பார்த்ததே இல்லை.

பொய்ப்பல் செட் செய்வது அவள் தொழில். பல் மருத்துவர்களிடமிருந்து நோயாளிகளுடைய வாயின் பிளாஸ்டர் அச்சு வரும். தரைத்தள வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, அரைத்து, மெருகேற்றி, ஒரு முழுச் சிரிப்பாகத் திருப்பி அனுப்புவாள். பெயர் வந்த கதை அவ்வளவுதான். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்பவர்களிடம், "பொண்ணு பாக்க வந்தவங்க ஒருத்தருக்கும் பல்வரிசை சரியில்ல" என்பாள். கேட்டவர் அதன்பிறகு அவள் முன்னால் வாயைத் திறக்க மாட்டார்.

அவள் படித்தது என்னவோ ஆசிரியர் பயிற்சி. இருபத்தோரு வயதில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, மூன்றே வாரத்தில் ஓடி வந்தாள். குரல் எடுபடவில்லை. அவள் "அமைதி" என்று சொன்னால் அது முதல் பெஞ்சோடு நின்றுவிடும். பின்னால் இருந்தவர்கள் ஏதோ மின்விசிறிச் சத்தம் என்று நினைத்துக்கொண்டார்கள். வாயுள்ள பிள்ளைகளோடு மல்லுக்கட்டுவதைவிட வாயில்லாத பல்லோடு காலம் தள்ளலாம் என்று ஒரு பல் பட்டறையில் போய்ச் சேர்ந்தாள். அங்கே மெருகு போடும் மோட்டார் ஓட ஆரம்பித்தால், பக்கத்தில் இருப்பவரிடம் தண்ணீர் கேட்கக்கூட அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். பட்டறையில் பல வருஷம், பிறகு சொந்த மோட்டாரோடு பல வருஷம் இப்படிக் கத்திக் கத்தி, வகுப்பறையில் கிடைக்காத குரல் பின்னறையில் வந்து சேர்ந்தது. இப்போது அவள் மெதுவாகப் பேசினாலே மூன்றாம் மாடியில் பதில் சொல்வார்கள்.

வீட்டில் அவளோடு இருப்பது அண்ணி ஒருத்திதான். அண்ணன் போனபிறகு வந்தவள். நாத்தனாரும் அண்ணியும் ஒரே கூரையில் பத்து வருஷம் சண்டையில்லாமல் இருப்பது அதிசயம் என்று வெளியே பேசிக்கொள்வார்கள். சண்டை தினமும் உண்டு. அண்ணியின் பக்கம் சத்தம் வராததால் வெளியே தெரிவதில்லை.

பின்னறை ஜன்னலுக்கு வெளியேதான் வண்டி நிறுத்தும் இடம். அதற்கப்பால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட பைக் ஷெட். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் ஏழு பேர், அப்பா அம்மா வேலையிலிருந்து திரும்பும்வரை அங்கே ராஜ்யம் நடத்தினார்கள். தலைவன், குடியிருப்புச் சங்கச் செயலாளரின் மகன். படியில் நடந்து இறங்கியதாகச் சரித்திரமே கிடையாது என்பதால் ராக்கெட் என்று பெயர். நியாயம் பேச ஒரு சிறுமி இருந்தாள். வாயைத் திறந்தால் வாதம்தான், அதனால் அவள் வக்கீல். மாடியில் வாடகைக்கு இருந்த நர்ஸின் மகள். சும்மா சொல்லக்கூடாது, உழைப்பாளிப் பிள்ளைகள். காலிங்பெல்லை அழுத்திவிட்டு ஓடுவது, பைக் டயரில் காற்றைப் பிடுங்குவது, லிஃப்டில் எல்லா மாடிப் பொத்தானையும் அழுத்திவிட்டு இறங்கிக்கொள்வது என்று ஒரு நாள் ஓய்வு எடுத்ததில்லை.

இவர்களை ஏன் யாரும் கண்டிக்கவில்லை என்றால், அதற்கு ஒரு விதி இருந்தது. முன்பு ஒருமுறை முதல் மாடிக்காரர் ஒரு பையனின் காதைத் திருக, அவன் அப்பா இவர் சட்டையைப் பிடிக்க, விவகாரம் போலீஸ்வரை போயிற்று. அன்றிலிருந்து சங்கம் ஒரு சட்டம் போட்டது: அடுத்தவர் பிள்ளையை யாரும் கண்டிக்கக் கூடாது, எதுவானாலும் பெற்றவர்களிடம்தான் சொல்ல வேண்டும். சட்டம் வந்ததும் சண்டை நின்றது. பிள்ளைகள் ஆரம்பித்தார்கள்.

ஒரு சாயங்காலம் பல்லக்கா மெழுகில் கடைவாய்ப்பல் நட்டுக்கொண்டிருந்தாள். மயிரிழை பிசகினால், அதைப் போட்டுக்கொள்ளப் போகிறவர் சாப்பிடும்போதெல்லாம் தன் கன்னத்தையே கடித்துக்கொள்ள வேண்டியதுதான். அப்போது ஜன்னல் வழியே பந்து வந்தது. அச்சு கீழே விழுந்தது. இரண்டு நாள் வேலை கட்டில் அடிக்கு உருண்டு போயிற்று.

பல்லக்கா ஜன்னலுக்கு வந்து வாயைத் திறந்தாள். என்ன சொன்னாள் என்பது முக்கியமில்லை. நான்கு மாடியிலும் விளக்கு எரிந்தது என்பதுதான் முக்கியம்.

அன்று செயலாளர் சீக்கிரமே வீடு திரும்பியிருந்தார். ஏசி விற்கும் கம்பெனியில் பெரிய பதவி. குரலும் அதே குளிர்.

"மேடம், குழந்தைங்கன்னா அப்படி இப்படித்தான் இருக்கும். உங்களுக்குக் குழந்தை இல்ல, அதனால தெரியாது."

"எனக்கு மாடும் இல்ல. வயல்ல மேஞ்சா ஓட்டத் தெரியும்."

"அதெல்லாம் சரி. ஆனா விதின்னு ஒண்ணு இருக்கு. எதுவா இருந்தாலும் பெத்தவங்ககிட்ட சொல்லுங்க. பிள்ளைங்ககிட்ட நேரா பேசாதீங்க."

பல்லக்கா கொஞ்சம் யோசித்தாள். "எதுவா இருந்தாலுமா?"

"எதுவா இருந்தாலும்."

"நல்லது" என்றாள். அவள் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டது கேட்டு அண்ணி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

மறுநாளிலிருந்து அவள் விதியைக் கடைப்பிடித்தாள். அப்படி ஒரு கடைப்பிடிப்பை அந்த விதியே எதிர்பார்த்திருக்காது.

"சார், பல்லக்கா பேசறேன். உங்க பையன் பைக் ஷெட்டு மேல நிக்கிறான்."

"நான் மீட்டிங்ல இருக்கேன் மேடம். கீழ இறங்குன்னு சொல்லுங்க."

"நான் எப்படி சார் சொல்ல முடியும்? விதி இருக்கே. நீங்க வந்து சொல்றீங்களா?"

"இங்கிருந்து எப்படி வர்றது?"

"அப்ப மீட்டிங் முடியற வரைக்கும் அவன் அங்கேயே நிக்கட்டுங்களா? அவன்கிட்ட நில்லுன்னும் நான் சொல்லக் கூடாது. அதான் உங்ககிட்ட கேக்கறேன்."

இப்படி ஒவ்வொரு சாயங்காலமும், ஒவ்வொரு பெற்றோருக்கும். செயலாளர் அவள் எண்ணை முடக்கினார். அவள் அண்ணியின் போனிலிருந்து கூப்பிட்டாள். அதையும் முடக்கினார். அவள் கம்பெனியின் பொது எண்ணுக்கு அடித்தாள். வரவேற்பில் இருந்த பெண்ணுக்கு நாளடைவில் கதை பிடித்துப்போய், "அக்கா, இன்னிக்கு எது மேல ஏறியிருக்கான்?" என்று அவளே கேட்க ஆரம்பித்தாள்.

வக்கீலின் அம்மா மட்டும்தான் வேறு மாதிரி பதில் சொன்னவள். ஆஸ்பத்திரி வார்டிலிருந்து, மூச்சு வாங்க: "அக்கா, நான் இங்க இருபது பேருக்கு ஊசி போட்டுட்டிருக்கேன். விதியாவது ஒண்ணாவது. ரெண்டு திட்டு திட்டி வீட்டுக்குள்ள விரட்டுங்க. எனக்கு அவளைப் பாத்துக்க ஆள் வைக்க வசதியில்ல, அவ்வளவுதான்." பல்லக்காவுக்கு இந்தப் பதில் பிடித்திருந்தது. பிடித்ததால் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

வக்கீல் ஜன்னலருகே வந்து நின்றாள். "ஆன்ட்டி, எங்க அம்மாகிட்ட போட்டுக் கொடுத்தீங்களா? இது பொது இடம். எங்களுக்கும் உரிமை இருக்கு."

"உரிமை இருக்கு. கூரையில ஓட்டையும் விழும். உங்கம்மா உன்னைத் திட்ட எனக்கு அனுமதி குடுத்துட்டாங்க. ஓடு."

மற்ற பெற்றோர் கொதித்தார்கள். பிள்ளைகளைப் பற்றியல்ல, போனைப் பற்றி. செயலாளர் ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் கூட்டம் வைத்தார். பல்லக்கா எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்க வேண்டும். போன் பண்ணுவதை நிறுத்த வேண்டும். இல்லையென்றால், குடியிருக்கும் வீட்டில் தொழில் நடத்துகிறாள் என்று சங்கம் வீட்டு உரிமையாளரிடம் சொல்லும். சங்கம் சொன்னால் காலி செய்யச் சொல்ல வேண்டியதுதான் என்று அவரும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

அண்ணி அன்று சோறே இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். மோட்டார் சத்தத்துக்கும் பிளாஸ்டர் தூசுக்கும் வேறு எவன் வீடு கொடுப்பான்? அந்தப் பின்னறை போனால் தொழில் போச்சு. தொழில் போனால் இரண்டு பேரும் எங்கே போவது?

"ஊரோட ஒத்துப் போகணும்மா."

"ஊர் என்னோட ஒத்துப் போகட்டுமே. நான் வேணாங்கலையே."

"ஒரே ஒரு மன்னிப்புதானே?"

"ஒண்ணுதான் இருக்கு அண்ணி. அதுக்குத் தகுந்த தப்பு பண்றப்போ குடுக்கறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, மாடிப்படி ஏறும்போது அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினாள். முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டாள். முந்தைய நாள்வரை அப்படி ஒரு வலி கிடையாது.

கூட்டத்தில் பெற்றோர் எல்லோரும் இருந்தார்கள். அப்படியென்றால், கீழே பிள்ளைகளோடு யாருமே இல்லை. செயலாளர் நல்லிணக்கம், பரஸ்பர மரியாதை என்று ஒவ்வொரு வார்த்தையாகக் குளிரவைத்துப் பேசிக்கொண்டிருந்தபோது, கீழேயிருந்து தகரம் அதிர்வதுபோல ஒரு சத்தம். எல்லோரும் கைப்பிடிச் சுவருக்கு ஓடினார்கள்.

பைக் ஷெட்டின் கூரை மேல் ஏழு பேரும் இருந்தார்கள். நடுவில் நின்று குதித்துக்கொண்டிருந்தார்கள். கூரை ஒவ்வொரு குதிக்கும் ஒரு முறை தாழ்ந்து எழுந்தது.

பெற்றோர் கத்த ஆரம்பித்தார்கள். பல வருஷத்து விதி நாக்கில் ஊறியிருந்ததால், அவரவர் அவரவர் பிள்ளையை மட்டுமே கூப்பிட்டார்கள். "கண்ணா, இறங்குடா!" "செல்லம், அப்பா சொல்றேன்ல!" "பட்டு, நீ மட்டும் வா!" ஏழு பிள்ளைகளுக்குப் பதினோரு பேர் கொஞ்சினார்கள். கீழே அது கோவில் கூட்டத்து இரைச்சலாகத்தான் கேட்டிருக்கும். பிள்ளைகள் மேலே பார்த்துக் கையசைத்துவிட்டு இன்னும் உயரமாகக் குதித்தார்கள்.

பல்லக்கா நாற்காலியிலேயே இருந்தாள். எழுந்து கத்தினால், எந்தக் குற்றத்துக்காகக் கூட்டம் போட்டார்களோ அதே குற்றத்தை எல்லோர் கண்ணெதிரே செய்ததாகும். கத்தாமல் இருந்தால் அவள் பக்கம் நியாயம் மலைபோல் நிற்கும். உட்கார்ந்திருப்பது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

எழுந்துவிட்டாள்.

"டேய்!"

குதித்தது நின்றது. பக்கத்துத் தெருவில் போய்க்கொண்டிருந்த ஒரு சைக்கிளும் நின்றது.

"ஒருத்தரும் அசையக் கூடாது! உக்காரு! எல்லாரும் உக்காரு! வக்கீலு, வாதாடாம சுவர்ப்பக்கமா நகரு. உக்காந்தபடியே. அவ பின்னாடி சின்னவனுங்க. ராக்கெட்டு, எழுந்தே, பல்லைப் பேத்து உனக்கே செட்டு பண்ணிப் போடுவேன்! கடைசியா வா!"

ஒவ்வொருவராக உட்கார்ந்தபடி நகர்ந்து, சுவரைப் பிடித்து இறங்கினார்கள். கடைசியில் வந்த ராக்கெட்டுக்கு மட்டும் கூரையில் விரிசல் விட்டு, ஒரு கால் முழங்கால்வரை உள்ளே போயிற்று. நர்ஸ் அதற்குள் இரண்டிரண்டு படியாகத் தாவிக் கீழே போயிருந்தாள். சிராய்ப்பு, கொஞ்சம் ரத்தம், நிறைய அழுகை. அவ்வளவோடு போயிற்று.

காலுக்குக் கட்டுப் போட்டு எல்லோரும் மேலே திரும்பியதும் பல்லக்கா செயலாளரைப் பார்த்தாள்.

"அடுத்தவர் பிள்ளைங்க ஏழு பேரைத் திட்டிட்டேன். உங்க பையனைக் கொஞ்சம் கூடுதலாவே. நாளைக்கும் திட்டுவேன். மன்னிப்புக் கேக்க மாட்டேன். எவ்வளவு பேர் என்னைக் காலி பண்ணச் சொல்றீங்க, கையைத் தூக்குங்க."

செயலாளரின் கை பாதிவரை எழும்பி, தலைமுடியைக் கோதிவிட்டு இறங்கியது. மற்றவர்கள் தூக்காததற்கு நன்றி உணர்ச்சி காரணம் என்று நினைத்தால் ஏமாந்து போவோம். இவள் போய்விட்டால் நாளைச் சாயங்காலம் இந்தக் குரலுக்கு எங்கே போவது என்று ஒவ்வொரு மண்டையிலும் ஒரு கணக்கு ஓடியது. விஷயம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அந்த அடுத்த கூட்டம் இன்னும் நடக்கவில்லை.

ஆனால் உண்மையான ஆபத்து மறுநாள் காலைதான் வந்தது, இனிப்பு டப்பாவோடு. முதல் மாடியம்மா வாசலில் நின்றாள். பின்னால் இன்னும் இரண்டு அம்மாக்கள். கொஞ்சம் தள்ளி, செருப்பைப் பார்த்தபடி செயலாளர்.

"அக்கா, உங்க சொல்லுக்குத்தான் பிள்ளைங்க கட்டுப்படுதுங்க. நீங்க வீட்டுலதானே இருக்கீங்க? சாயங்காலம் கொஞ்சம் பாத்துக்கிட்டீங்கன்னா..."

அண்ணியின் முகம் மலர்ந்தது. வீடும் நிலைத்தது, மரியாதையும் வந்தது. பின்னாலிருந்து நாத்தனாரின் முதுகை விரலால் குத்தினாள்.

"நான் வீட்டுல இருக்கல" என்றாள் பல்லக்கா. "வேலையில இருக்கேன். என் வேலை வீட்டுக்குள்ள இருக்கு, அவ்வளவுதான். திட்டறது வேற, பாத்துக்கறது வேற. திட்டறதை நான் இலவசமா பண்றேன். பாத்துக்கறது பெத்தவங்க வேலை. பாத்துக்க ஆள் இல்லன்னா போன் வரும்."

"இவ்வளவு கல்நெஞ்சமா உங்களுக்கு?"

"பிளாஸ்டர். கல்லைவிடக் கொஞ்சம் லேசு."

இனிப்பு டப்பா வந்த வழியே திரும்பிப் போயிற்று. அண்ணி அன்று முழுக்கப் பேசவில்லை. இனிப்பு நல்ல கடை இனிப்பு.

ஒரு வாரம் போன் அடித்தது. இரண்டாம் வாரம் பெற்றோர்கள் தங்களுக்குள் கூடிக் கசமுசா என்று பேசி, திட்டி, முறைத்து, கடைசியில் முறை போட்டுக்கொண்டார்கள். நாளுக்கு ஒருவர் சீக்கிரம் வந்து, சாயங்காலம் வண்டி நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். நர்ஸுக்கு இரவுப்பணி வந்த வாரம், பகலில் வீட்டில்தானே இருக்கிறாள் என்று எல்லா நாள் முறையும் அவள் தலையில் விழுந்தது. அவள் நாற்காலியிலேயே தூங்கினாள். அந்த வாரம் மட்டும் பல்லக்கா மோட்டாரை அணைத்துவிட்டு, சத்தமில்லாத வேலைகளைப் பார்த்தாள். திட்டுவதைக்கூடச் சைகையிலேயே முடித்துக்கொண்டாள்.

பிள்ளைகள் திருந்தினார்களா என்றால், இல்லை. கால் காயம் ஆறியதும் ராக்கெட் தண்ணீர்க் குழாயைப் பிடித்து ஏறப் பழகிக்கொண்டான். வியாழக்கிழமை அவன் அப்பாவின் முறை. அவர் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு, போனைக் காதில் வைத்து யாருக்கோ ஏசி விற்றுக்கொண்டிருந்தார்.

பின்னறை ஜன்னல் திறந்தது.

"சார்! போனை வைங்க!"

செயலாளர் போனை வைத்தார். வைத்த பிறகுதான், தான் ஏன் வைத்தோம் என்று யோசித்தார்.

"பையன் எங்க இருக்கான், மேல பாருங்க. சும்மா கொஞ்சாதீங்க. வயித்துல இருந்து கத்துங்க!"

அவர் எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, "இறங்குடா" என்றார். முதல் மாடிக்குக்கூடக் கேட்டிருக்காது.

"கேக்கல!" என்றாள் பல்லக்கா.