ஆறரைக் கட்டை

சேர்ந்திசைப் போட்டிக்குத் தேர்வானவர்களின் பட்டியலில் பவித்ராவின் பெயர் இல்லை. பன்னிரண்டு பெயர்களையும் இரண்டு முறை படித்துப் பார்த்தேன். பள்ளியிலேயே நல்ல குரல் அவளுடையது. மதிப்பெண் போட்டவளும் நான்தான்.

ஜவ்வாது மலையில் ஓர் உறைவிடப் பள்ளியில் நான் பகுதிநேர இசை ஆசிரியை. வாரத்தில் மூன்று அரைநாள் ஆலங்காயத்திலிருந்து பஸ் ஏறிப் போவேன். முழுநாள் ஆசிரியர்களுக்கு நடுவில் அரைநாள்காரிக்கு என்ன மரியாதை கிடைக்குமோ, அது கிடைத்து வந்தது.

படிவம்

குரல் தேர்வுக்கு ஒரு படிவம் உண்டு. சுருதி, தாளம், மூச்சு, உச்சரிப்பு, குரல்வளம் என்று ஐந்து கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். ஒவ்வொருத்தியாக ஆர்மோனியத்தின் பக்கத்தில் நிறுத்திப் பாட வைப்பேன். ஆர்மோனியத்தில் ஒவ்வொரு கட்டையும் ஒரு சுருதி. எண் கூடக் கூடக் குரல் மேலே ஏற வேண்டும்.

மற்ற பெண்களுக்கு ஐந்து கட்டையிலேயே மூச்சு வாங்கியது. எட்டாம் வகுப்பு பவித்ரா ஆறரைக் கட்டையில் நின்று பாடினாள். கழுத்து நரம்பு புடைக்கவில்லை, தோள் ஏறவில்லை. எதிர்ச் சரிவில் சாமை அறுக்கும் அம்மாவைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது. நான் சொல்லிக் கொடுத்து வந்ததல்ல.

அந்தச் சந்தோஷத்தில் குரல்வளக் கட்டத்தில் மதிப்பெண்ணுக்குப் பதில் ‘6½ கட்டை’ என்று எழுதிவிட்டேன். ஒன்பதா பத்தா என்று பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பு. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. படிவத்தை அப்படியே தலைமையாசிரியர் மேசையில் வைத்துவிட்டு ஓடினேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

மைக்கில் சொன்ன காரணம்

“இன்னா டீச்சர், நீங்கதான எழுதிக் குடுத்தீங்க? பத்துக்கு ஆறரை, கொரலும் கட்டைன்னு,” என்றார் தலைமையாசிரியர்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. முந்தின நாள் காலை வழிபாட்டில், யாரை ஏன் எடுக்கவில்லை என்று மைக்கில் காரணம் வாசித்திருக்கிறார். “பவித்ரா, கட்டைக் குரல்.” பள்ளியே சிரித்திருக்கிறது.

கட்டை என்றால் இங்கே சுருதி, முரட்டுக் குரல் இல்லை என்று விளக்கினேன். பொறுமையாகத்தான் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை.

“சரிங்க டீச்சர். லிஸ்ட்ட ஆன்லைன்ல ஏத்தியாச்சே. இனிமே இன்னா பண்றது?”

“பிரேயர்லயாவது சொல்லிடுங்க சார், தப்பா படிச்சிட்டோம்னு.”

“ஹெச்.எம்.முக்குப் படிக்கத் தெரியலன்னு மைக்ல சொல்லணுமா? நல்லா கீது டீச்சர்.”

நான் வாயை மூடிக்கொண்டேன். அடுத்த ஆண்டும் எனக்கு வேலை உண்டா என்று மேலே எழுதி அனுப்புகிறவர் அவர்தான்.

பவித்ராவை மட்டும் இசை அறைக்குக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது.

“நெசமாவா டீச்சர்? அப்ப அத பிரேயர்ல சொல்லுங்க. எல்லாம் என்ன கட்ட, கட்டன்னு கூப்புடுதுங்க.”

“பாக்கலாம்மா,” என்றேன். பார்க்கவில்லை.

போட்டியில் எங்களுக்குப் பரிசு இல்லை. மேல் ஸ்தாயியில் குரல் போதவில்லை என்று நடுவர் எழுதியிருந்தார். தலைமையாசிரியர் அந்தத் தாளை என்னிடம் நீட்டி, “கொஞ்சம் நல்லா டிரெயினிங் குடுங்க டீச்சர்,” என்றார். எனக்குப் பற்றி எரிந்தது. தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த தேர்வு

மறு ஆண்டு பவித்ரா மறுபடி பெயர் கொடுத்திருந்தாள். எனக்கு உயிர் வந்தது. ஆர்மோனியத்தை எடுத்து வைத்தேன். அவள் தொண்டையை இறுக்கி, மூக்கால் மெல்லிசாகப் பாடினாள். ஐந்து கட்டை வருவதற்குள் குரல் உடைந்துவிட்டது.

“தொண்டைய தொறந்து பாடுடி கண்ணு.”

“வேணாம் டீச்சர்,” என்றாள். பிறகு ஆசையோடு கேட்டாள்: “இப்ப கட்டயா இல்லதான டீச்சர்?”

ஐந்து கட்டங்களிலும் எண்ணாகவே எழுதினேன். எல்லாம் குறைந்த எண்கள். எல்லாம் சரியான எண்கள். இந்த முறை அவள் பெயர் விடுபட்டதில் பிழையே இல்லை.

இந்த வேலைக்கு வருகிற இளையவர்களுக்குச் சொல்கிறேன். படிவத்தில் எழுதுவது படிக்கிறவருக்குப் புரியுமா என்று பாருங்கள். அதைவிட, ஊர் முன்னால் விழுந்த பழியை அறைக்குள் கூப்பிட்டுத் துடைக்கப் பார்க்காதீர்கள். வேலை போனால் போகட்டும் என்று அந்த மைக்கை நான் பிடுங்கியிருக்க வேண்டும். வேலை போகவில்லை. வாரத்தில் மூன்று அரைநாள் இன்னும் மலையேறிப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.