பாதி அவள் கையில், பாதி என் கையில்

மகள் கல்லூரிக்காக டெக்சாஸ் கிளம்ப இரண்டு வாரம் இருந்தது. மணிக்கட்டில் சீன எழுத்தில் 'ஞானம்' என்று டாட்டூ குத்திக்கொள்ளப் போவதாக அறிவித்தாள். அப்பாயின்ட்மென்ட்கூட வாங்கியாயிற்றாம். "முதல்ல துணியை மடிச்சு வைக்கக் கத்துக்கோடி, ஞானம் தானா வரும்" என்றேன். அதோடு பேச்சுவார்த்தை முறிந்தது. கலிஃபோர்னியாவில், எங்கள் சான் ரமோன் வீட்டில் அதன்பின் 'யெஸ்', 'நோ', 'ஃபைன்' மட்டும்தான். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே விமானம் ஏறிவிடுவாளோ? டாட்டூவைவிட எனக்கு அதுதான் பயம்.

கடைசியில் நான்தான் இறங்கி வந்தேன். அது என் வழக்கமே இல்லை. "முதல்ல மருதாணியில எழுதிப் பாரு. அப்புறமும் பிடிச்சிருந்தா பேசலாம்" என்றேன். அதிசயமாக, "ஓகே" என்றாள். எழுதித்தர ஆள் வேண்டுமே? பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணி சனிக்கிழமைகளில் பழைய சீன மொழி கற்றுக்கொடுப்பவர். மருதாணிக் கோனோடு அவர் வீட்டு வாசலில் போய் நின்றோம். அவரே நாலு வார்த்தை சொல்லித் தடுத்துவிடுவார் என்ற நப்பாசையும் எனக்கு இருந்தது.

அவர் முதலில் ஒரு தாளில் ஞானத்தை எழுதிக் காட்டினார். மேலே 'அறிதல்' என்ற எழுத்து, அதன் கீழே சூரியனைக் குறிக்கும் ஒரு கட்டம். "எழுதிடலாம். ஆனால் நான் ஞானி என்று தன் கையிலேயே எழுதிக்கொள்பவரை எங்கள் ஊரில் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள்" என்றார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மகள் முகம் வாடிவிட்டது. அவர் உடனே என் பக்கம் திரும்பினார். "அம்மாவுக்கும் ஒரு சொல் இருக்கிறது" என்று அதே தாளில் எழுதினார்.

மனிதரைக் குறிக்கும் ஒரு வடிவம், பக்கத்தில் இரண்டு கோடு. அவ்வளவுதான் அந்த எழுத்து. கருணை, அன்பு, பிறரிடம் நடந்துகொள்ளும் நல்ல விதம் எல்லாம் அதற்குள் அடக்கமாம். பழைய நூல்களில் ஞானத்தோடு அடிக்கடி சேர்ந்து வருமாம். "தனியாக உட்கார்ந்து அறிவாளியாகிவிடலாம். இதற்கு மட்டும் இன்னொரு ஆள் வேண்டும்" என்றார். என் சிரிப்பு நின்றுவிட்டது.

மகள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஆன்ட்டி, கேன் யூ ஸ்ப்ளிட் இட்?" என்றாள்.

மனிதர் அவள் மணிக்கட்டில், இரண்டு கோடு என் மணிக்கட்டில். கைகளைச் சேர்த்து வைத்தால்தான் படிக்க முடியும். காயும்வரை தோளோடு தோள் உட்கார்ந்திருந்தோம். ஹாஸ்டலில் யாரோ தெரியாத பெண்ணோடு எப்படி ஒரே அறையில் இருப்பது என்று அவளுக்கு இருந்த கவலை அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கேட்டுக்கொண்டேன், அறிவுரை சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குத்தான் தெரியும்.

மறுநாள் என் கோடுகள் அவளுடையதைவிட நன்றாகச் சிவந்திருந்தன. "பாத்தியா, யாருக்குப் பாசம் ஜாஸ்தின்னு!" என்றேன். "அம்மா, இட்ஸ் ஜஸ்ட் கெமிஸ்ட்ரி" என்று சிரித்தாள். அப்பாயின்ட்மென்டைக் கேன்சல் பண்ணிவிட்டு, சிரித்த முகமாகவே விமானம் ஏறினாள். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

போன வாரம் டெக்சாஸிலிருந்து கூப்பிட்டாள். "அம்மா, மை ஹாஃப் இஸ் கான்."

"என்னோடதும் அழிஞ்சிடுச்சுடி."

"தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு வரும்போது ரியல் டாட்டூ போட்டுக்கறேன். ஆனா நீயும் உன் ஹாஃப் போட்டுக்கிட்டாதான்."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ரொம்ப வலிக்குமாடி?" என்று கேட்டுவிட்டேன்.