உடுமலைப்பேட்டைக்காரி பெயரில் ஓர் ஆபரேஷன்

என் வயிற்றைக் கிழிப்பதற்கு இன்னொருத்தியின் பெயரை இரவல் தருகிறேன் என்று வந்து நின்றார் எங்கள் வீட்டுக்காரம்மா. சிங்காநல்லூரில் அவருடைய காம்பவுண்டுக்குள் மூன்று வாடகை வீடுகள், அதில் கடைசி வீடு எங்களுடையது. ஒரு கையில் தட்டு நிறைய ஒப்புட்டு, இந்த ஊர்ப் போளி; இன்னொரு கையில் அவருடைய மகளின் அரசாங்கக் காப்பீட்டு அட்டை.

"ஏனுங்க அம்மணி, நம்ம பொண்ணு பேருல போயி ஆபரேஷன் பண்ணிட்டு வந்துருங்க. உங்க வயசுதான் அவளுக்கும். போட்டோ கல்யாணத்துக்கு முந்தி எடுத்தது, அதுல யாரு மூஞ்சி தெரியுது? அந்த ஆஸ்பத்திரியில காப்பீட்டு மேசையில நம்மாளு ஒருத்தர் இருக்காருங்க. நான் சொல்லிப்போட்டேன்."

எனக்கு அப்போது கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. யார் பெற்ற பிள்ளையோ நான், எனக்காக இவ்வளவு யோசித்திருக்கிறாரே என்று தோன்றியது. கோபம் வர மூன்று நாள் ஆனது.

நான் பிறந்து வளர்ந்தது மும்பையில். அப்பா அம்மாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். என் கணவருக்கு இங்கே ஒரு மோட்டார் பம்பு பட்டறையில் வேலை கிடைக்க, சட்டி பானையைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினோம். வந்த எட்டாம் மாதம் அடிவயிற்றில் வலி. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டு, சினைப்பையில் கட்டி என்றார். எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் என்ன கட்டி என்று சொல்ல முடியும், தள்ளிப்போடாதீர்கள் என்றார். என் சித்தி தள்ளிப்போட்டவள். அவள் போன விதத்தைக் கூடவே இருந்து பார்த்தவள் நான். அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன், குளிக்கும்போது வயிற்றில் கை பட்டாலே எனக்குப் பயமாக இருந்தது.

டாக்டரம்மா கைகாட்டிய தனியார் ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி, "காப்பீட்டு அட்டை இருக்குதுங்களா?" அது இல்லாமல் அங்கே படுக்க எங்களுக்கு வசதி கிடையாது. அட்டைக்குத் தமிழ்நாட்டு ரேஷன் கார்டு வேண்டும். மும்பைக் கார்டில் பெயரை நீக்கிய சான்று என் கையில் இருந்தது, அவ்வளவு விவரம் கெட்டவள் இல்லை நான். இங்கே குடியிருக்கிறேன் என்பதற்குத்தான் அத்தாட்சி இல்லை. வாடகை ஒப்பந்தத்தில் வீட்டுக்காரர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

அந்தக் கையெழுத்துக்கு நான் நடந்த நடை இருக்கிறதே! மும்பையில் இல்லை என்றால் முகத்தில் அடித்த மாதிரி இல்லை என்பார்கள். இங்கே யாரும் இல்லை என்று சொல்வதே கிடையாது. "ஆகட்டுங்க அம்மணி." "நோம்பி கழியட்டுங்க, பாத்துக்கலாம்." பண்டிகை கழிந்து போனால், "நமக்குள்ள எழுத்தெல்லாம் எதுக்குங்க?" கடைசியில்தான் விஷயம் வெளியே வந்தது. முன்பு குடியிருந்தவர் ஒப்பந்தத்தைக் காட்டி வீட்டைக் காலி செய்யாமல் இழுத்தடித்தாராம். அன்றிலிருந்து யாருக்கும் எழுதித் தருவதில்லையாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பது சும்மாவா?

அப்படிப்பட்டவர்தான் மகளின் அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். என் கணவர் அரை மனதாகத் தலையாட்டினார். "பேருல என்ன இருக்கு? உயிருதானே முக்கியம்" என்றார். நானும் ஆசைப்பட்டேன், இல்லை என்று சொல்லமாட்டேன். அந்தப் பெண்ணின் பிறந்த தேதி, அப்பா பெயர், கணவர் பெயர் எல்லாம் மனப்பாடம் செய்தேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொல்லிப் பார்த்தேன். மூன்றாம் நாள் சொல்லும்போது நாக்கு நின்றுவிட்டது.

அந்தப் பெண் உடுமலைப்பேட்டையில் தென்னந்தோப்புக்கு நடுவில் வாழ்கிறாள். தீபாவளிக்கும் நோம்பிக்கும் காரில் வந்து போவாள். அவள் பெயர் சிங்காநல்லூர்க் கார்டில் இருக்கிறது, வருமானம் குறைந்த குடும்பம் என்று சான்றோடு. தினமும் இந்த வாசலில் தண்ணீர் பிடிக்கிற என் பெயர் எந்தக் கார்டிலும் இல்லை. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அரசாங்கத்து அட்டையை அள்ளிக் கொடுக்கிறவருக்கு, சொந்தப் பேனாவைத் திறக்க மட்டும் மனசு வரவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அட்டையை எடுத்துக்கொண்டு போனேன். வீட்டுக்காரம்மா வாசலில் வெந்தயக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கேன். கட்டியை எடுத்து டெஸ்டுக்கு அனுப்புவாங்க. ரிசல்ட்டு யாரு பேருல வரும்?"

"நம்ம பொண்ணு பேருலதானுங்க. அதுக்கென்ன?"

"கேன்சர்னு வந்தா?"

கீரை ஆய்ந்த கை நின்றது.

"உங்க பொண்ணுக்குக் கேன்சர்னுதானே எழுதுவாங்க? அப்புறம் மருந்து ஏத்தணும்னா எங்கிட்ட என்ன சீட்டு இருக்கும்? நாளைக்கே அவளுக்கு ஒரு காய்ச்சல்னு போனா, கர்ப்பப்பை பக்கம் ஆபரேஷன் ஆனவன்னு கம்ப்யூட்டர் சொல்லும். பரவாயில்லையா?"

"ஐயையோ, என்ன பேச்சுங்க இது! செவ்வாக்கெழமையும் அதுவுமா! வாயக் கழுவுங்க அம்மணி!" என்று எழுந்து, என் கையிலிருந்த அட்டையைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"நான் எதுக்கு வாயைக் கழுவணும்? என் வயித்துல இருக்கிறதைத்தானே சொல்லுதேன். அந்தப் பேச்சுகூட உங்க பொண்ணு மேல படக்கூடாது, கட்டி மட்டும் எனக்கு இருக்கலாமா? எனக்கு அவ பேரு வேண்டாம்மா. நான் உங்க வீட்டுல குடியிருக்கேன்னு ஒரு கையெழுத்து. அது போதும்."

"அவரு வரட்டுங்க கண்ணு. கேட்டுச் சொல்றேன்."

அவர் உள்ளேதான் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் எனக்கே கேட்டது.

என் கணவர் தலையில் கை வைத்தார். "கிடைச்சதையும் கெடுத்துட்டு வந்துட்டியே!" கெடுத்தேன்தான். மறுநாள் காலையில் அவரையும் இழுத்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இதை ஏன் முதலிலேயே செய்யவில்லை என்று கேட்பீர்கள். அங்கெல்லாம் நம்ம மாதிரி ஆளுங்களுக்குச் சரிப்படாது என்று காம்பவுண்டு முழுக்கச் சொன்னது, நானும் அந்த 'நம்ம'வில் ஒருத்தி என்று பூரித்துப்போய் நம்பியிருந்தேன். வெட்டிக் கௌரவம், வேறென்ன.

பதிவு செய்கிற ஜன்னலில் சண்டைக்குத் தயாராகத்தான் நின்றேன். "காப்பீடு இல்லை, ரேஷன் கார்டு இல்லை, ஆதாரும் மும்பை விலாசம்" என்று அவர் கேட்பதற்கு முன்பே கொட்டினேன்.

"சரிங்க. இப்ப எங்க குடியிருக்கீங்க?" என்றார் உள்ளே இருந்தவர்.

கதவு எண்ணோடு முழு விலாசத்தையும் சொன்னேன். தட்டச்சு செய்தார். கையெழுத்து, ஒப்பந்தம், ஒன்றும் கேட்கவில்லை. கட்டிக்கொண்டு போன சண்டையை நானே விழுங்க வேண்டியதாயிற்று.

வரிசைகள் நீளம், மறுபடியும் ஸ்கேன், நாலைந்து நாள் அலைச்சல். ரத்தம் கொடுக்கப் பட்டறையிலிருந்து இரண்டு பேர் எண்ணெய்க் கறை போகாத கையோடு வந்தார்கள். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் ஒரு டாக்டர் குனிந்து, "உங்க பேரு சொல்லுங்கம்மா" என்றார். என் பெயரைச் சொன்னேன். யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

தையல் பிரித்து இரண்டு வாரம் கழித்துப் பரிசோதனை முடிவு வந்தது. காகிதத்தை டாக்டரிடமே திருப்பிக் கொடுத்து, "நீங்களே படிச்சிருங்க" என்றேன். சாதாரணக் கட்டிதான், பயப்பட ஒன்றுமில்லை என்றார். வராந்தாவுக்கு வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, ஓவென்று அழுதேன். பக்கத்தில் இருந்தவர்கள் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தண்ணீர் கொடுத்தார்கள்.

அழுது முடித்த பிறகுதான் அந்தக் காகிதத்தைச் சரியாகப் பார்த்தேன். மேலே என் பெயர். அதன் கீழே கதவு எண், தெரு, சிங்காநல்லூர்.

ஆட்டோவை விட்டு இறங்கியதும் நேராக வீட்டுக்காரம்மாவிடம் போனேன்.

"என்னங்க கண்ணு, ரிசல்ட்டு வந்துருச்சுங்களா?" என்று பதறிக்கொண்டு எழுந்தார். பாசம் பொய்யில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

காகிதத்தை விரித்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"எனக்கு ஒண்ணுமில்லையாம், அம்மா. இன்னொண்ணும் எழுதியிருக்கு, படிச்சுப் பாருங்க. நான் உங்க வீட்டுலதான் இருக்கேனாம்."