ஒரு ஈரல், ஒன்பது நாள்

எங்கள் தொழிலில் ஆளைப் பார்க்க மாட்டோம். அவர் ஈரலிலிருந்து ஊசி போட்டு எடுத்த நூல் மாதிரித் துண்டைத்தான் பார்ப்போம். தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் பெதாலஜி டாக்டராக ஒண்டியாகக் குப்பை கொட்டுகிறேன். கூடப் பேச ஆளில்லாத வேலை உங்களுக்கும் என்றால், வாங்க, நம்ம கட்சி.

அதையே எழுதுங்க

கடையத்து விவசாயி ஒருவருக்கு ஈரலில் தேங்காய் பருமன் கட்டி. முற்றிய ஈரல் கேன்சர் என்றது ஸ்கேன். வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று சர்ஜன் என் கையெழுத்துக்குக் காத்திருந்தார். எனக்கோ மைக்ராஸ்கோப்பில் உதைத்தது. ஈரல் கேன்சர் செல்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும். இவை உதிரி உதிரியாகக் கிடந்தன, லிம்போமா மாதிரி. அது கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டி வருகிற கேன்சர். ஈரலிலேயே தொடங்குவது அபூர்வம். அதுவாக இருந்தால் மருந்துக்கே கரையும், மனுஷன் பிழைப்பார். சர்ஜனுக்குப் போன் போட்டேன்.

“ஸ்கேன்ல இருக்கதையே எழுதுங்க மேடம், புதுசா எதுக்கு யோசிக்கீங்க?”

யாரிடம் காட்ட?

படித்த காலேஜில் ஒரு ஸ்லைடுக்கு நாலு பேர் உட்கார்ந்து அடித்துக்கொள்வோம். இங்கே நானும் டெக்னீஷியன் செல்வியும்தான். ஊரே சாரலுக்குக் குற்றாலம் போன ஞாயிற்றுக்கிழமை, அந்த ஸ்லைடையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் சந்தேகம் தப்பென்றால் சொல்லக்கூட ஒருத்தர் இல்லை. அழுகையே வந்துவிட்டது. மறுநாள், துணைக்காவது இருக்கட்டும் என்று செல்வியைப் பார்க்கச் சொன்னேன்.

“நல்லாத் தெரியுது மேடம். என்னன்னுதான் தெரியல.”

மாத்திரை

உறுதி செய்கிற சாயப் பரிசோதனை இங்கே கிடையாது; சென்னைக்கு அனுப்பினேன். மறுபடி ஊசி போட்டுத் துண்டு எடுக்க வேண்டியிருக்கலாம் என்று, பசி எடுக்கக் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையையும் நிறுத்தச் சொன்னேன். அது லிம்போமாவை அரைகுறையாகக் கரைத்துத் தடயத்தை அழித்துவிடும். ஏழாம் நாள் அவர் மகன் வந்து நின்றார். அப்பாவுக்குச் சோறே இறங்கவில்லையாம்.

“நீங்க பாக்கது எங்கப்பா ஈரலையா, ஜாதகத்தையா?”

அல்வா

ஒன்பதாம் நாள் பதில் வந்தது: லிம்போமாவேதான். கீமோ ஆரம்பித்தார்கள். சில மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கட்டியைக் காணோம். மகன் அல்வாவோடு வந்து சர்ஜன், நர்ஸ், வாட்ச்மேன் வரைக்கும் கொடுத்தார். லேப் வாசலில் என்னைப் பார்த்ததும் நின்றார். நானும் பூரித்துப்போய் எழுந்தேன்.

“அன்னைக்கு ரிப்போர்ட்டை லேட்டாக்குனது நீங்கதான மேடம்?”

ஆமாம் என்றேன், இந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய பாராட்டை நான் இதுவரை வாங்கியதில்லை.